நம்ம கதையை நாமே சொல்வோம்!

(உழவர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம்ம பையன்கிட்ட யாராவது "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால் என்ன சொல்றான்? "சும்மா... விவசாயம்தான்" என்கிறான். அந்தச் 'சும்மா' எங்கிருந்து வந்தது? நாம்தானுங்க கொடுத்தோம். மழை பொய்த்தபோதும், தக்காளி விலை போகாமல் ரோட்டோரம் கொட்டியபோதும், "இந்தப் பொழப்பு எங்களோட போகட்டும், நீயாவது படிச்சுத் தப்பிச்சுக்கோ" என்று சொன்னது நாம்தானே? படிக்கச் சொன்னதில் தப்பில்லை. ஆனால், நம்ம தொழிலை ஜெயில் மாதிரி காட்டிவிட்டோம்.

நம்மைப் பற்றி மற்றவர்கள் இரண்டு கதை வைத்திருக்கிறார்கள். ஒன்று பாவப்பட்ட கதை: விவசாயி கடன்காரன், இலவசத்தில் வாழ்கிறவன். இன்னொன்று புகழ்ச்சிக் கதை: விவசாயி நாட்டின் முதுகெலும்பு, சோறு போடும் தெய்வம். திருக்குறளில் 104ஆவது அதிகாரமே உழவுதான்; மேடை ஏறுகிறவர்கள் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தெய்வத்துக்கு மாலை போடுவார்கள், கட்டுபடியான விலை போட மாட்டார்கள். பாவப்பட்டவனுக்கு உதவி செய்வார்கள், கணக்குச் சொல்ல மாட்டார்கள். இரண்டு கதையிலும் உரிமை கேட்கிற மனுசனுக்கு இடமே இல்லை.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். "உங்களுக்கென்னப்பா, கரண்டு ஓசி" என்கிறார்கள். நாமும் தலையைக் குனிகிறோம். நடந்தது என்ன? 1970இல் பம்புசெட் மின்கட்டணத்தை உயர்த்தியபோது கோவை மாவட்ட விவசாயிகள் திரண்டார்கள். அந்த ஜூன் மாதம் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் உயிர்விட்டார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு வந்து கோவை நகரத் தெருக்களை அடைத்தார்கள். அந்த ஆண்டும் துப்பாக்கிச் சூடு, அந்த ஆண்டும் உயிர்ப்பலி. அதனால்தான் ஜூலை 5ஐ உழவர் தினமாக நினைவுகூர்கிறோம். பிறகு 1980களில் சிறு விவசாயிக்கும், 1990இல் எல்லா விவசாயிக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. இருபது வருசம் போராடி, ரத்தம் சிந்தி வாங்கினதுக்குப் பேர் ஓசியா?

கதை மாறினால் ஆளே மாறிப்போவான். ஓசியில் வாங்கினோம் என்று நினைக்கிறவன், நாளைக்கு அதைப் பறிக்க வந்தால் பேசாமல் ஒதுங்குவான். போராடி வாங்கினோம் என்று தெரிந்தவன் வரப்பில் நின்று கேள்வி கேட்பான்.

2020 நவம்பரில் டெல்லி எல்லையில் உட்கார்ந்தவர்களையும் "இவங்க விவசாயிகளே இல்லை" என்றார்கள். அவர்கள் அந்தக் கதையை ஏற்கவில்லை. 'டிராலி டைம்ஸ்' என்று போராட்டக் களத்துக்கே ஒரு பத்திரிகை அச்சடித்து, தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். குளிரிலும் வெயிலிலும் ஒரு வருசம் அசையவில்லை. 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின.

ஆனால் நம் கதையிலும் ஓர் ஓட்டை உண்டு. அதை நாமே ஒத்துக்கொள்வோம். 'விவசாயி' என்றதும் நம் கண்ணில் யார் வருகிறார்? பட்டா வைத்திருக்கிற ஆம்பளை. நாற்று நடுகிற, களை எடுக்கிற, பால் கறக்கிற அம்மாவைக் கேட்டால் "வீட்டுல சும்மா இருக்கா" என்கிறோம். பையன் நம்மைச் சொன்ன அதே 'சும்மா'! குத்தகைக்காரரையும் கூலிக்கு வருகிறவரையும் எண்ணுவதே இல்லை. 2007இல் வந்த தேசிய விவசாயிகள் கொள்கை, குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளி, ஆடு மாடு வளர்ப்பவர், மீனவர் எல்லாரையும் விவசாயி என்றே எழுதியது. ஆனால் 2019இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு நிலம் பேரில் இருக்கணும். கதையில் விட்டுப்போன பேர் பட்டியலிலும் விட்டுப்போகிறது. நாமே அவர்களை விவசாயி என்று சொல்லாவிட்டால், அதிகாரி எப்படிச் சொல்வார்?

ஆகவே மூன்று காரியம் செய்வோம். 1970, 72ஐப் பார்த்த பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் திண்ணையில் உட்கார வைப்போம். விதை முதல் வண்டி வாடகை வரை செலவை நோட்டில் எழுதுவோம், வீட்டு ஆட்களின் கூலியையும் சேர்த்து. உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து விலை தரச் சொன்ன சுவாமிநாதன் ஆணையத்தின் பரிந்துரையைக் கேட்கிறபோது, அந்த நோட்டுதான் நம் சாட்சி. சங்கத்தின் உறுப்பினர் பதிவில் பெண்கள், குத்தகைக்காரர்கள், கூலி உழைப்பாளிகள் பேரை நம் பேரோடு எழுதுவோம்.

அடுத்த தடவை "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால், "அப்பாவும் அம்மாவும் விவசாயிங்க" என்று பிள்ளை நிமிர்ந்து சொல்லட்டும்.

கேட்பது சலுகை அல்ல, உரிமை!
உழவர் ஒற்றுமை ஓங்குக!