கேபின் கட்டும் முன்



அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடல் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். இலையுதிர் காலம் வந்தால் மழை விடாது. சால்மன் பிடிக்கத் திறந்த படகில் போகிறவர்கள் விறைத்த விரல்களோடு சுக்கானைப் பிடித்திருக்க வேண்டும். அதனால் இருபது அடி, இருபத்திரண்டு அடி மோட்டார் படகு வைத்திருப்பவர்களில் சிலர், ஓட்டுகிற இடத்தைச் சுற்றித் தாங்களே ஒரு கேபின் கட்டிக்கொள்கிறார்கள். நியாயமான ஆசைதான். குளிர் ஏற ஏற ஆளின் நிதானமும் குறையும்.

ஆனால் அந்தக் கேபின் படகின் தலைமேல் ஏறும் சுமை. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இலேசான மரைன் பிளைவுட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ; அதே தடிமனில் கண்ணாடி 15 கிலோ. பாலிகார்பனேட் 7 கிலோதான், ஆனால் அதன்மேல் வைப்பர் ஓடினால் கீறல் விழுந்து பார்வை மங்கிவிடும். ஓட்டுபவருக்கு நேர் எதிரே மட்டும் டெம்பர்டு கண்ணாடி, மற்ற ஜன்னல்களுக்குப் பாலிகார்பனேட் என்று பிரித்துக்கொள்வதே என் தேர்வு. உயரமும் அப்படித்தான். நிமிர்ந்து நிற்க வசதி வேண்டும் என்று கூரையை ஏற்றுகிறவர்கள் ஏராளம். சின்னப் படகுக்கு, உட்கார்ந்து ஓட்டும் உயரம் போதும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். 20 நாட் காற்று, 4 சதுர மீட்டர் பக்கச் சுவரைச் சுமார் 25 கிலோ விசையோடு தள்ளும். காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

கேபினால் படகின் நிலைத்தன்மை எவ்வளவு குறைகிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சிறிய கப்பல்களுக்கும் செய்வதுதான். கட்டும் முன், அலையில்லாத துறையில் கயிற்றைத் தளர்த்திவிட்டுப் படகைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய்த் திரும்ப எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்தபின், அதே அளவு எரிபொருளோடு மறுபடி பாருங்கள். நேரம் சற்றுக் கூடுவது இயல்பு. நன்றாகவே கூடியிருந்தால், படகு நிமிரும் வலுவை இழந்திருக்கிறது. மெதுவாக ஆடும் படகு உடம்புக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நம்பக் கூடாது. கூரையிலிருந்து எடையைக் கழற்ற வேண்டும்.

இன்னொன்று புகை. பின்பக்கம் திறந்த கேபினோடு படகு ஓடும்போது, பின்னால் காற்றழுத்தம் குறைந்து எஞ்சின் புகை உள்ளே இழுபடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. முன்ஜன்னலைத் திறந்தால் காற்று ஊடுருவி அதை வெளியே தள்ளும். கூடவே, அந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, ஒரே வாசலோடு கேபின் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்து தண்ணீர் புகுந்தால், அணிந்திருக்கும் உயிர்காப்பு உடையே ஆளை மேலே தூக்கி அழுத்திவிடும். மூழ்கி வாசலை எட்ட முடியாது. முன்பக்கம் இன்னொரு திறப்பு வையுங்கள், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும்படி. அளவெடுக்கும்போது கனத்த மழைக்கோட்டும் உயிர்காப்பு உடையும் போட்டுக்கொண்டு, அட்டையில் வெட்டிய ஓட்டையில் நுழைந்து பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிலேயே பருமனானவர் நுழைய முடிந்தால்தான் அந்த அளவு சரி.