இத்தாவுக்குப் பிறகு வாசலைத் தாண்டுவோம்

(நமது அறக்கட்டளை விருதுநகரில் நடத்திய மாதர் நலக் கூட்டத்தில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய விருப்பப்படி பெயரைத் தவிர்த்து இங்கே தருகிறோம்.)

 

கணவரை இழந்த சகோதரிகளின் தன்னம்பிக்கை பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆலிமா இல்லை, மேடையில் பேசிப் பழகியவளும் இல்லை. என் வீட்டுக்காரர் மவுத்தாகி ஐந்து வருஷம் ஆகிறது. இந்த ஐந்து வருஷத்தில் என்னை நிமிர வைத்தது எது என்று கேட்டால், அல்லாஹ்வின் கிருபைக்கு அடுத்தபடியாக டவுன் பஸ் என்றுதான் சொல்வேன். சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

மார்க்கம் நமக்கு விதித்த இத்தா நான்கு மாதம் பத்து நாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் பிரசவம் வரை. அது முடிந்தபின் அந்தப் பெண் தன் விஷயத்தில் முறையான எதைச் செய்துகொண்டாலும் குற்றமில்லை என்ற கருத்து திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் நான்கு மாதம் பத்து நாள் கழிந்த மறுநாள் இன்னோர் இத்தா தொடங்கிவிடுகிறது. அதற்குக் கணக்கே கிடையாது. ரேஷன் கடைக்கு மகன் போவான். ஆஸ்பத்திரிக்கு மருமகன் கூட்டிப்போவார். வங்கிக்கு அண்ணன் வரவேண்டும். "நீ எதுக்கும்மா அலையணும்? நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வருஷக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டால், தெருமுனையைத் தாண்டினாலே நெஞ்சு படபடக்கிற நிலைமைக்கு வந்துவிடுகிறோம். எனக்கு அப்படித்தான் ஆனது.

என் வீட்டுக்காரர் காலண்டர் வியாபாரம் பார்த்தவர். சிவகாசி அச்சகங்களிலிருந்து தினக் காலண்டர் மாதிரிகளை வாங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பார். நான் வீட்டில் கணக்கு எழுதிக் கொடுப்பேன். எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்று எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓடியது.

அவர் போனபிறகு அவருடைய சேமிப்புப் பணத்துக்காக ஒரு வங்கிக் கிளையில் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கூட்டிப்போக வேண்டிய அக்கா மகனுக்குத் திருப்பூரில் வேலை. அவனுக்கு லீவு கிடைத்த அன்று வங்கிக்கு லீவு. வங்கி திறந்திருந்த அன்று ஒரு காகிதம் குறைந்தது. ஏழு மாதம் போய்விட்டது. வங்கி என் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்தான்.

முதல் பயணம்

அந்த ஏழாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு, பழைய பஸ் நிலையம் போய் ஆமத்தூர் பஸ்ஸில் ஏறினேன். ஆமத்தூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. சிவகாசி ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். லுஹருக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கை நடுங்கியது. இறங்கினேன், நிழலில் நின்றேன், ஒரு டீ குடித்தேன், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அவ்வளவுதான். அன்று இரவு, அவர் மவுத்தான பிறகு முதல் தடவையாக, நடுவில் விழிக்காமல் தூங்கினேன்.

அதன்பின் வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டேன். பெரிய ரோட்டில் விரைந்து போகும் பஸ்ஸைவிட, ஊர் ஊராக நுழைந்து போகிற பஸ்தான் எனக்குப் பிடித்தது. மல்லாங்கிணறு போனேன். மழை முடிந்த சமயம் குல்லூர்சந்தை அணைப் பக்கம் போய்ப் பறவைகளைப் பார்த்தேன். சாத்தூர் போய்ச் சேவு வாங்கி வந்தேன், வெயில் காலத்தில் வெள்ளரிப் பிஞ்சு. கரிசல் மண் மழைக்கு முன் வெடித்துக் கிடப்பதும், மழைக்குப் பின் செருப்பை விடாமல் பிடித்துக்கொள்வதும், பருத்தியும் மக்காச்சோளமும் நிற்பதும், இந்த மாவட்டத்திலேயே பிறந்த எனக்கு அப்போதுதான் பார்க்கக் கிடைத்தது.

ஒருமுறை சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போனேன். பக்கத்தில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள் எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. வைப்பாற்றுக் கரையில் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் வளையல் போட்ட பெண்கள் நடமாடிய இடம். நாம் இருபது மைல் தூரத்தில் இருந்துகொண்டு அதைப் பேப்பரில் மட்டும் படிக்கிறோம்.

இந்தப் பயணங்களில் நான்கு விஷயம் கற்றேன். தெரியாதவரிடம் தலை நிமிர்ந்து வழி கேட்பது. திரும்புகிற பஸ்ஸின் நேரத்தை இறங்கியதுமே விசாரித்து வைப்பது. கையில் உள்ள பணத்தையும் நேரத்தையும் நானே கணக்குப் பார்ப்பது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்வது. ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, யாரையும் எதிர்பார்க்காமல் வங்கிக்கு நடந்துபோனேன். என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதித் தரச் சொன்னேன். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்கிக்கொண்டேன். மூன்று வாரத்தில் வேலை முடிந்தது.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு, புதிய காலண்டர் ஆல்பம் வெளியாகிற நேரத்தில், நானே சிவகாசி போய் மாதிரி வாங்கி வந்தேன். பழைய வாடிக்கைக் கடைகளில் பாதிப்பேர் எனக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இன்று என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பஸ்ஸில் பார்த்த இன்னொருத்தி

நம் மாவட்டத்தில் கணவரை இழப்பது என்பது வயதானபின் வருகிற விஷயம் மட்டும் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒவ்வொரு வருஷமும் பட்டாசு விபத்துச் செய்தி வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் நாற்பது உயிர் ஒரே நாளில் போனது. இறந்தவர் எண்ணிக்கை பேப்பரில் வரும். அன்று வீட்டுக்குள் உட்கார்ந்த பெண்களின் எண்ணிக்கை வராது.

ஒருநாள் என் பக்கத்தில் முப்பது வயதுகூட இராத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிற சமுதாயத்துப் பெண். அவளுடைய கணவர் வெடிவிபத்தில் இறந்தவர். கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிறாள், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு. "எங்க தாயி போறீக?" என்று அவள்தான் பேச்சைத் தொடங்கினாள். சும்மா ஊர் பார்க்க என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வீட்ல இருந்தா அந்தச் சத்தந்தான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. பஸ்ஸுல ஏறினா கேக்கல." அவளோடு நானும் இறங்கி மனு எழுதுகிற இடம் வரை போனேன். முந்தின வருஷம் எனக்கே அந்த வாசல் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளியே போகத் தெரியாத பெண்ணுக்கு நஷ்டமாவது ஊர் பார்க்கிற சந்தோஷம் மட்டும் இல்லை, அவளுடைய ஹக்கும் சேர்ந்துதான். ஆதரவற்ற விதவைகளுக்கான அரசு உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் மாவட்டந்தோறும் அரசு ஏற்பாட்டில் உண்டு. எல்லாவற்றுக்கும் இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று படியேற வேண்டும். படியேறத் தெரியாதவள், மற்றவர் நீட்டுகிற காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவாள்.

நமக்கு முன்னே போனவர்கள்

பெண்கள் தனியே போவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. கிழக்கே சிவகங்கையைத் தாண்டினால் புதுக்கோட்டை. அங்கே 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு. அவர் சந்தித்தவர்களில் நம் சமுதாயத்து இளம்பெண்களும் இருந்தார்கள். ஆரம்பத்தில் கேலி பேசினார்கள், பிறகு ஊர் பழகிவிட்டது. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் சிறிய தாயார் தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தபோது, தம் பேரீச்ச மரங்களில் கனி பறிக்கப் போக விரும்பினார்கள். ஒருவர் தடுத்தார். அவர்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து கேட்க, நபியவர்கள் போய்ப் பறிக்க அனுமதித்தார்கள், அதிலிருந்து தர்மமோ நன்மையோ செய்யக்கூடும் என்றும் சொன்னார்கள். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. தூரப் பயணத்துக்கு மஹ்ரம் வேண்டும் என்கிற சட்டம் எனக்கும் தெரியும். நம் பக்கம் ஹனஃபிகளும் உண்டு, ஷாஃபிகளும் உண்டு, விவரத்தை உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசுவது காலையில் போய் மஃரிபுக்குள் வீடு திரும்புகிற பயணம். விருதுநகரிலிருந்து சிவகாசி முப்பது கிலோமீட்டருக்குள், அருப்புக்கோட்டை இருபதை ஒட்டி. தொழுகையைச் சுருக்குகிற தூரம்கூட ஆகாது.

சில யோசனைகள்

முதல் நான்கு பயணமும் ஒரு மணி நேரத்துக்குள் போகிற ஊராக இருக்கட்டும். வெள்ளிக்கிழமையும் முகூர்த்த நாளும் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு ஆலை விடுகிற நேரம் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, அதற்கு முன்னே கிளம்பிவிடுங்கள். பட்டாசு ஆலைகள் இருக்கிற காட்டுப் பாதையில் குறுக்கு வழி போகாதீர்கள். மினி பஸ்ஸில் இலவசம் கிடையாது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். போகிற ஊர், திரும்புகிற பஸ் இரண்டையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். "கூட யார் வர்றா?" என்பதற்குப் பதிலாக "எந்த பஸ்ல திரும்புவே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலும் பாசம் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது.

ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒன்று. வெளியே போகிற பெண்களில் பலர் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பிடம் கிடைக்காது என்கிற பயம்தான் காரணம். தொழ இடமில்லாமல் லுஹர் களா ஆகிறது. பஸ் ரோட்டை ஒட்டியுள்ள நம் பள்ளிவாசல்களில் பெண்களுக்கென்று ஓர் அறை, ஒளு செய்யக் குழாய், பூட்டாத கழிப்பிடம் ஏற்படுத்தித் தாருங்கள். ஒரு மினாராவுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

சகோதரிகளே, இத்தா முடிந்து வீட்டிலேயே இருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் சிலர் இருப்பீர்கள். உங்களில் யாருக்காவது தனியே பஸ் ஏறப் பயமாக இருந்தால், புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய பஸ் நிலையத்துக்கு வாருங்கள். நான் இருப்பேன். கூட வரமாட்டேன், வந்தால் பயணத்தின் பலன் போய்விடும். ஆமத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நீங்கள் திரும்பி இறங்குகிற வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அல்லாஹ் நம் அனைவரின் காரியங்களையும் இலேசாக்குவானாக. வஸ்ஸலாம்.