கதவுக்கு வெளியே நிற்கிற பிள்ளை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, உங்கள் கைதட்டலையெல்லாம் மொத்தமாக வாரிக்கொண்டு போய் அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! திரளாகக் கூடியிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! விடுமுறை நாள் காலையிலே தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிற அன்பர்களே!

'வகுப்பிலே அடங்காத சிறப்புக் குழந்தையை வழிக்குக் கொண்டுவருவது கண்டிப்பா, புரிதலா?' என்பது தலைப்பு. புரிதலே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே நன்னூலைத் தூக்கி எங்கள் மேல் வீசினார். 'மாணாக்கரிலே ஆடு உண்டு, எருமை உண்டு, ஓட்டைக்குடம் உண்டு, நெய்யரி உண்டு, பவணந்தி முனிவரே சொல்லிவிட்டார், இனி என்ன பேச்சு?' என்று கேட்டார். ஐயா, நானும் முப்பது வருஷமாக அந்த நன்னூலைத்தான் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்க்கிறேன். (சிரிப்பு) நீங்கள் திறந்த பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னாலே திருப்பியிருந்தால், வாத்தியாருக்கும் அவர் வைத்திருக்கிற பட்டியல் கண்ணிலே பட்டிருக்கும். ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நாலு உவமை சொல்கிறார். அதிலே ஒன்று மடற்பனை. கருக்கு மட்டையோடு நிற்கிற பனைமரம். பழம் தானாக விழுந்தால் உண்டு. கிட்டே போய் ஏறினால் கையைக் கிழிக்கும். இன்னொன்று பருத்தி அடைத்த குடுவை. உள்ளே போறதும் லேசிலே போகாது, வெளியே வர்றதும் லேசிலே வராது. மாணவனை எருமை என்று எழுதியவர் வாத்தியாரைச் சும்மா விடவில்லை என்பதை எதிரணி சௌகரியமாக மறந்துவிட்டது. (கைதட்டல்)

அதோடு இன்னொன்று. எதிரணி சொல்லாமல் விட்டதை நானே சொல்லிவிடுகிறேன். யாருக்குப் பாடம் சொல்லக்கூடாது என்றும் நன்னூலிலே ஒரு வரிசை உண்டு. சினமுள்ளவன், நோயாளி, மந்தபுத்திக்காரன் எல்லோரும் அதிலே வருகிறார்கள். இதை நான் மறைக்கப் போவதில்லை. அது பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஆசிரியர் மாணாக்கனைத் தேர்ந்தெடுத்த காலம். இன்றைக்கு அந்தத் தேர்வு நம் கையில் இல்லை ஐயா. 2002ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலே 86ஆவது திருத்தம் வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. 2009ஆம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிக்கக்கூடாது, மனத்தைப் புண்படுத்தக்கூடாது என்று 17ஆவது பிரிவிலே சொல்கிறது. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடிகிறவரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக்கூடாது என்று 16ஆவது பிரிவிலே சொல்கிறது. நோயாளிக்கும் பாடம் உண்டு, மந்தனுக்கும் பாடம் உண்டு, சினத்தனுக்கும் பாடம் உண்டு. இது கருணை அல்ல, கணக்கு.

'எல்லாம் சரிங்க, ஆனா பையன் நோட்டைத் தூக்கி எறியறானே, அதுக்கு என்ன செய்யறது?' என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் வருகிறேன்.

பத்து வயசுப் பையன் ஒருத்தன். தமிழ் வகுப்பு. வாத்தியார் வரிசையாக ஒவ்வொருவரையும் எழுப்பி வாசிக்கச் சொல்லிக்கொண்டு வருகிறார். இவன் முறை வர இன்னும் மூணு பேர். ரெண்டு பேர். ஒருத்தர். உடனே பக்கத்துப் பையனை ஒரு குத்து, நோட்டு ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். வாத்தியார், 'எழுந்திரு, வெளியே போய் நில்லு!' என்கிறார். போய் நிற்கிறான். வாத்தியார் என்ன நினைக்கிறார்? தண்டனை கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார். பையன் என்ன நினைக்கிறான்? தப்பித்தோம் என்று நினைக்கிறான்! (சிரிப்பு, கைதட்டல்) அவனுக்கு ணகரமும் னகரமும் கண்ணுக்குள்ளே ஒன்றாகத் தெரிகிறது. லகர ளகர ழகரம் மூன்றும் கைகோத்துக்கொண்டு ஆடுகின்றன. நாற்பது பேர் முன்னாலே தப்பாக வாசித்துச் சிரிப்புக்கு ஆளாவதைவிட, ரவுடி என்று பெயர் வாங்குவது அவனுக்குக் கௌரவமாகப் படுகிறது. நாளைக்கும் குத்துவான். ஏனென்றால் குத்தினால் கதவு திறக்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான்.

இந்தக் குறைபாட்டுக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். அறிவுக் குறைவு அல்ல, வாசிப்புக் குறைபாடு. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்திலே இதற்கு இடமே இல்லை. ஆட்டிசத்துக்கும் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, இந்த இரண்டையும் சேர்த்தது. ஒரு இடத்திலே உட்கார முடியாத ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைக்கு அந்தப் பட்டியலிலே இன்னும் தனி வரி இல்லை. அவன் இன்றைக்கும் பல வகுப்புகளிலே வெறும் 'வாலு'தான்.

சிறப்பாசிரியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரிய மந்திரம் எல்லாம் இல்லை. ஒரு நோட்டிலே மூணு பத்தி. முன்னாலே என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னாலே அவனுக்கு என்ன கிடைத்தது. பத்து நாள் எழுதினால் பிள்ளையின் மனசு காகிதத்திலே தெரிந்துவிடும். வேலையிலிருந்து தப்பிக்கிறானா, நம் கவனம் வேண்டுமா, கேட்ட பொருள் வேண்டுமா, இல்லை, சத்தமோ வெளிச்சமோ உடம்பைப் படுத்துகிறதா? பெரும்பாலும் இந்த நாலுக்குள்ளே அடங்கிவிடும். நான் பட்டிமன்றம் பேசுவதுகூட இரண்டாவது வகைதான். (சிரிப்பு)

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டாம். எட்டு வயசுப் பையன், ஆட்டிசம். வகுப்பிலே திடீர் திடீரென்று அலறுவான், தன் கையைத் தானே கடிப்பான், தடுக்க வந்தால் தடுக்கிறவர் கையையும் கடிப்பான். பள்ளியிலிருந்து தினம் போன். அந்தத் தாய் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவிலே ஒரு பழைய நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற தாய்மார்கள் பிள்ளையைக் கூப்பிட வரும்போது இவளைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போவார்கள். 'வளர்த்த லட்சணம்' என்பது காதிலே விழும். கடைசியிலே, 'டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்திலே ஒரு சிறப்பாசிரியை வந்தார். அடித்தாரா? இல்லை. கொஞ்சினாரா? அதுவும் இல்லை. நோட்டும் கையுமாகப் பின்பெஞ்சிலே உட்கார்ந்தார். ஏழாவது நாள் பிடிபட்டுவிட்டது. அவன் உட்காருகிற ஜன்னலுக்கு வெளியேதான் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பீரியடுக்கு ஒரு தரம் பியூன் இரும்புக் கம்பியாலே ஓங்கி அடிக்கிறார். நமக்கு அது மணி. அந்தப் பிள்ளைக்கு அது மண்டைக்குள்ளே விழுகிற அடி. இடத்தை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றினார்கள். மணியடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மணி வரைந்த அட்டையைக் காட்டினார்கள். காதைப் பொத்திக்கொள்ளப் பழக்கினார்கள். தாங்கமுடியாவிட்டால் ஒரு சிவப்பு அட்டையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினால் துணைக்கு ஒருவரோடு வேப்பமரத்தடிக்குப் போய் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு வரலாம்.

அலறல் நின்றுவிட்டதா என்று கேட்டால், நிற்கவில்லை. மேடையிலே பொய் சொல்லக்கூடாது. தினம் நாலு தரம் இருந்தது, வாரத்துக்கு இரண்டு தரம் ஆயிற்று. ஆனால் டி.சி. பேச்சு நின்றது. அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போனாள். (கைதட்டல்)

'மீதி முப்பத்தொன்பது பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?' என்று கேட்டார் எதிரணித் தம்பி. தம்பி, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடிப்பதை வேடிக்கை பார்க்கச் சொல்லவில்லை. முதல்லே பிரிக்கணும். மற்றவர்களுக்கு அடிபடாமல் பார்க்கணும். ஆனால் பொங்கி வழிகிற பாலை அதட்டினால் அடங்குமா? அடுப்பைக் குறைக்கணும். அந்த நேரத்திலே ஏன், எதற்கு, இனிமேல் செய்வியா என்று விசாரணைக் கமிஷன் வைக்கக்கூடாது. குரலைத் தாழ்த்தி நாலே வார்த்தை. புத்திமதியெல்லாம் அவன் ஆறி உட்கார்ந்த பிறகு.

எங்கள் அணித் தம்பி ஒருவர் 'அன்பு ஒன்றே போதும்' என்று உருகினார். நடுவர் அவர்களே, நான் அவரோடும் ஒத்துப்போகவில்லை. போதாது! இந்தப் பிள்ளைகளுக்கு நேரத்துக்கு நேரம் ஒழுங்கு வேண்டும். இன்றைக்கு என்னென்ன வகுப்பு என்று காலையிலேயே படமாகக் காட்ட வேண்டும். இருபது கணக்குக்குப் பதில் ஐந்து, பிறகு ஓய்வு, பிறகு ஐந்து. பள்ளியிலே ஒரு விதி, வீட்டிலே பாட்டி ஒரு விதி என்றால் பிள்ளை குழம்பிப்போவான். 'நல்ல பையன்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'கையை உயர்த்திக் கேட்டாயே, அது நன்றாக இருந்தது' என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். இதிலே கண்டிப்பைவிட உழைப்பு அதிகம்.

அந்த உழைப்பை நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற ஒற்றை ஆசிரியையின் தலையிலே கட்டினால் அதுவும் அநியாயம். சிறப்பாசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்று வரையறுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. தொடக்க வகுப்புகளிலே பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2022இல் கணக்கு வந்தது. கணக்கு காகிதத்திலே இருக்கிறது. ஒரு சிறப்பாசிரியர் பஸ் பிடித்துப் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறபோது, இந்தப் பிள்ளைக்கு வாரத்திலே எத்தனை மணி நேரம் கிடைக்கும்? எதிரணி கண்டிப்பைக் காட்ட விரும்பினால் அதை அங்கே காட்டட்டும்! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியை அடித்துவிட்டார். அந்தப் பையன்போலக் காதைப் பொத்திக்கொண்டு ஓடலாமா என்றிருக்கிறது. (சிரிப்பு) ஒரே ஒரு நிமிஷம், இங்கே இருக்கிற தாய்மார்களுக்காக. 'உங்கள் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது' என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், அங்கேயே அழாதீர்கள் அம்மா. 'அதை எழுதிக் கொடுங்கள்' என்று அமைதியாகக் கேளுங்கள். பாதிப் பேர் பேனாவைத் தேடமாட்டார்கள். அடுத்து உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்துக்குப் போய்ச் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். போகும்போது அந்த மூணு பத்தி நோட்டையும் கையிலே எடுத்துக்கொண்டு போங்கள்.

தீர்ப்பை நடுவர் பார்த்துக்கொள்வார்.