மளிகைக் கடையில் கிடைத்த மாயாவி

எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

"அன்றாட வாழ்க்கையில் நமக்குக் கை கொடுப்பது உழைப்பா, அதிர்ஷ்டமா?" நான் அதிர்ஷ்டத்தின் பக்கம். எதிரணித் தலைவர் அதிர்ஷ்டம்னாலே லாட்டரிச் சீட்டுன்னு வச்சுக்கிட்டு ஒரு பிடி பிடிச்சாரு. ஐயா, தமிழ்நாட்டுல லாட்டரியை 2003லயே தடை பண்ணியாச்சு. செத்த பாம்பை எதுக்குங்க அடிக்கிறீங்க? (சிரிப்பு)

நான் பேச வந்தது சில்லறை அதிர்ஷ்டம். ஓடி வந்து ஏறின பஸ்ஸுல ஜன்னலோர சீட்டு. துவைக்கப் போட்ட சட்டைப் பையில மடிச்ச பத்து ரூபா நோட்டு. இந்த மாதிரி.

நான் ஒரு காமிக்ஸ் பைத்தியம். என் பொண்ணு நாகரிகமா 'கீக்'னு சொல்லுவா. என் சம்சாரம் அவ்வளவு நாகரிகம் பார்க்கிறதில்ல. (சிரிப்பு) பட்டுப்புடவை இருக்க வேண்டிய பீரோ தட்டுல முத்து காமிக்ஸ் இருந்தா யாருக்குத்தான் கோபம் வராது?

1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்கினப்போ முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. ஒரு விபத்துல வலது கை போயிடும். இரும்புல கை மாட்டிக்குவான். மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மொத்தமும் மறைஞ்சிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்துல நிக்கும்! (கைதட்டல்) கைதட்டுறவங்களுக்கெல்லாம் என்ன வயசுன்னு தெரிஞ்சு போச்சு! (சிரிப்பு)

1979. நான் நாலாம் வகுப்பு. அப்பா ஒரு அச்சகத்துல கட்டிங் மிஷின்ல வேலை. பேப்பர் வெட்டுற மிஷின், அவர் வலது கையில ரெண்டு விரலை வெட்டிடுச்சு. காயம் ஆறிடுச்சு. ஆனா அந்தக் கையில துண்டைச் சுத்திக்கிட்டு மூணு மாசம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாரு. யார் வந்தாலும் கை துண்டுக்குள்ள போயிடும். சாப்பாடுகூட அம்மா ஊட்டணும்.

ஒருநாள் துவரம்பருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் பழைய புத்தகத்தைக் கிழிச்சுப் பொட்டலம் கட்டுறாரு. பார்த்தா, நம்ம மாயாவி! கெஞ்சிக் கூத்தாடி மிச்சத்தை வாங்கிட்டு வந்தேன். கடைசிப் பக்கங்கள் பருப்போட போயாச்சு.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால நான் சத்தமா வாசிச்சேன். கேட்டுக்கிட்டே இருந்தவரு திடீர்னு சொன்னாரு: "ஏன்டா, அவன் உடம்பை மறைச்சுட்டுக் கையை வெளியில காட்டுறான். நான் உடம்பை வெளியில வச்சுக்கிட்டுக் கையை மறைக்கிறேனா?" அன்னைக்கு ராத்திரி துண்டை எடுத்துட்டு அவரே பிசைஞ்சு சாப்பிட்டாரு. பாதி சோறு கீழதான் விழுந்தது. அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. (கைதட்டல்)

அடுத்த வாரம் அதே அச்சகத்துக்குப் போயி, பைண்டிங்ல வேலை கேட்டாரு. இடது கையில ஊசி பிடிச்சுத் தைக்கப் பழகினாரு. என் காமிக்ஸ் எல்லாம் அவர் பைண்டு பண்ணினதுதான்.

நடுவர்: அப்ப அது உழைப்புதானே? எதிரணிக்கு வேலை மிச்சம் பண்றீங்களே! (சிரிப்பு)

ஐயா, அங்கதான் வர்றேன். மூணு மாசம் திண்ணையில இருந்தவரும் அதே மனுஷன்தானே? அதே உழைப்பாளிதானே? அந்த உழைப்பு ஏன் எழுந்திரிக்கல? லண்டன்ல 1962ல 'வேலியன்ட்'ங்கிற வாரப் பத்திரிகைக்காக ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைஞ்ச படம். அது சிவகாசிக்கு வந்து தமிழ் பேசி, யாரோ வாங்கிப் படிச்சு, எடைக்குப் போட்டு, எங்க தெருக் கடைக்கு வந்து, நான் போற நேரம் பாதி கிழியாம இருந்திருக்கு. கடைக்காரர் அன்னைக்குப் பஞ்சாங்கத்தைக் கிழிச்சிருந்தா? எங்கப்பாவோட உழைப்பு இன்னும் எத்தனை மாசம் துண்டுக்குள்ள இருந்திருக்கும்? எதிரணி இதுக்குப் பதில் சொல்லட்டும்! (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க... ஒரே நிமிஷம். அந்தக் கதையோட முடிவைத் தேடித் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை, பழைய பேப்பர் கடைன்னு பல வருஷம் அலைஞ்சேன். கிடைக்கல. பின்னாடி மறுபதிப்பு வந்தப்பதான் படிச்சேன். அப்பா அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரு. ஆனா அன்னைக்கே, பக்கம் இல்லாம நான் அழுதப்போ, அவரா ஒரு முடிவு இட்டுக்கட்டிச் சொன்னாரு. அவர் சொன்ன முடிவுதாங்க நல்லா இருக்கு.