எறும்பு கண்ட நெறி



தேவர்கள் எறும்பு வடிவங்கொண்டு இறைவனை வழிபட்டனர் என்று திருவெறும்பூர்த் தலபுராணம் கூறும். அத்துணைச் சிறிய உயிரின் இயல்பை ஆராய்ந்தோர் கண்ட உண்மை ஒன்றை இன்று சிந்திப்போம்.

எறும்புகள் சாரைசாரையாய் ஒரே வழியிற் செல்கின்றன. அவ்வழியை வகுத்தவர் யார்? தலைமை எறும்பு ஏதேனும் ஆணையிடுகின்றதா? இல்லை. இராணி எறும்பும் முட்டையிடுமேயன்றி வழி வகுப்பதில்லை.

பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரத்து அறிஞர்கள் 1989ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டிற்கும் உணவிற்கும் இடையே, இரு கிளையாகப் பிரிந்து மீண்டும் கூடும் பாலம் ஒன்றை அமைத்தனர். ஒரு கிளை மற்றதைப்போல் இருமடங்கு நீளம். முதலில் எறும்புகள் இரண்டிலும் சென்றன. சிறிது நேரத்தில் பெரும்பாலானவை குறுகிய கிளையையே பற்றிக்கொண்டன.

எங்ஙனம்? எந்த எறும்பும் நீளத்தை அளக்கவில்லை. ஒவ்வொன்றும் கைக்கொண்டவை இரண்டே விதிகள். நடக்கும் வழியில் சிறிது மணப்பொருளை இட்டுச் செல்வது ஒன்று. வழி பிரியுமிடத்தில் மணம் மிகுந்த பக்கம் திரும்புவது மற்றொன்று. குறுகிய வழியிற் சென்றவை முன்னதாகத் திரும்பின; ஆதலின் அங்கே மணம் விரைந்து மிகுந்தது; அம்மணம் மேலும் பலவற்றை ஈர்த்தது. தனியோர் எறும்பிடம் இல்லாத அறிவு கூட்டத்தின் நடையிலே பிறந்தது!

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். நீண்ட கிளையை மட்டும் முதலில் வைத்து, மணம் நன்கு படிந்தபின் குறுகிய கிளையைச் சேர்த்தார்கள். எறும்புகளோ பெரும்பாலும் பழைய நீண்ட வழியிலேயே சென்றன. நல்வழி காட்டிய அதே விதிகளே இங்குத் தளையாயின.

நம் நிலை என்ன? திருவிழாக் காலத்தில் திருக்குளப் படியில் ஒருவர் பிரசாதத் தொன்னையை எறிகின்றார். அதைக் கண்ட அடுத்தவரும் அங்கேயே எறிகின்றார். மாலைக்குள் அது குப்பைமேடாகின்றது. எவரும் ஆணையிடவில்லை, எவரும் தாம் செய்ததாக ஒப்புவதுமில்லை.

அன்பர்களே, நின்று நோக்கித் திரும்பும் அறிவு நமக்கு உண்டு. முன்னே பலர் நடந்தனர் என்பதனாலேயே ஒரு வழி நல்வழி ஆகிவிடாது. முதல் தொன்னையை எறியாதவரும், கிடப்பதைக் குனிந்து எடுப்பவருமே புதுவழி காண்கின்றனர். நாம் வைக்கும் ஒவ்வோர் அடியும் பின்வருவார்க்கு வழியாகின்றது என்பதை மறவாதிருப்போமாக.