குழந்தையின் குறட்டையும் மயக்க மருந்தும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



குழந்தை குறட்டை விட்டு உறங்கினால், அயர்ந்த நித்திரையென்று நாம் மகிழ்கின்றோம். டான்ஸில், அடினாய்டு என்னுஞ் சதைகள் பருத்துச் சுவாச வழியை அடைப்பதாலும் அக்குறட்டை உண்டாகலாமென்பதை நாம் சிந்திப்பதில்லை. இத்தகைய குழந்தைக்குச் சஸ்திர சிகிச்சையின்பொருட்டு மயக்க மருந்து கொடுக்குங்கால், தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுத் தடைப்படக்கூடும். பின்னர் நோவு தணியக் கொடுக்கும் மார்பின் போன்ற மருந்துகளும் சிறு அளவிலேயே சுவாசத்தை ஒடுக்கக்கூடும்.

2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் பெற்றோரைக் கேட்க ஐந்து வினாக்களை வகுத்து வெளியிட்டனர். உறங்கும் நேரத்திற் பாதிக்குமேல் குறட்டையுண்டா? அஃது உரத்ததா? மூச்சுத் திணறுகின்றதா? மூச்சு நின்றதைக் கண்டதுண்டா? விழிக்கும்போது களைப்புள்ளதா? மூன்றுக்கேனும் ஆமென்று விடை வரின், சிகிச்சையின்போது சுவாசத் தொல்லை நேர்தல் ஏறக்குறைய மும்மடங்கென அவர்கள் கண்டனர்.

இவற்றிற்கு விடையறிந்தவள் இரவில் அருகே படுக்கும் தாயேயன்றிப் பகலிற் பார்க்கும் வைத்தியரல்லர். சிகிச்சை தள்ளிப்போகுமென்று அஞ்சி மறைப்பாரும் நம்முள் உளர். அது தகாது. முன்னரே அறிந்தால் வைத்தியர் மருந்தின் அளவைக் குறைத்து, பின்னிரவிலும் கண்காணிக்க ஏற்பாடு செய்வார். ஆதலின், அவர் கேளாவிடினும் நாமே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.