இணையவழிப் பாடங்கள் எல்லா மாணவரையும் எட்டுவதற்கு
(கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

பத்தாயிரம் மாணவர்களுக்குப் பாடநூல் வழங்க வேண்டுமெனில் பத்தாயிரம் பிரதிகள் அச்சிடப்பட வேண்டும். காகிதம், அச்சு, போக்குவரத்து என ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனிச் செலவு உண்டு. இணையவழிப் பாடத்தின் இயல்பு வேறு. ஒருமுறை ஆக்கி முடித்தபின், அதனைப் பயில வரும் அடுத்த மாணவருக்கென ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். ஒருவர் பயில்வதால் மற்றொருவருக்கு அது குறைந்துவிடுவதுமில்லை. எனினும், இணையத்தில் ஏற்றப்பட்டமையாலேயே ஒரு பாடம் மாணவரை எட்டிவிட்டது எனக் கொள்வது பொருந்தாது.

இந்தத் துறையில் நம் நாடு ஈட்டிய முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2017 ஜூலையில் ‘ஸ்வயம்’ தளமும், அதனுடன் 32 கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகளைக் கொண்ட ‘ஸ்வயம் பிரபா’வும் தொடங்கப்பட்டன. ‘ஸ்வயம்’ பாடம் ஒவ்வொன்றும் காணொளி விரிவுரை, படிப்பதற்கான குறிப்பு, தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தீர்க்கும் விவாதப் பகுதி என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது. பாடத்தைக் கற்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஆயின், கட்டணமின்மையும் எட்டும் தன்மையும் ஒன்றல்ல.

இணைப்பும் அளவும்

தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று (2017-18), கிராமப்புறக் குடும்பங்களில் 14.9 சதவிகிதத்திலும் நகர்ப்புறக் குடும்பங்களில் 42 சதவிகிதத்திலும் மட்டுமே இணைய வசதி இருந்ததைக் காட்டியது. கணினி வைத்திருந்த கிராமப்புறக் குடும்பங்கள் 4.4 சதவிகிதமே. அதன் பின்னர் கைப்பேசி இணையம் பெரிதும் பரவியுள்ளது. ஆயினும், ஒரே கைப்பேசியை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் நிலையில், கோப்பின் அளவு இன்றும் பொருட்படுத்த வேண்டிய ஒன்றே.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். நொடிக்கு 500 கிலோபிட் வீதம் ஓடும் காணொளி, ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 225 மெகாபைட் எடுத்துக்கொள்ளும். வாரத்திற்கு இரண்டரை மணி நேரமாகப் பன்னிரண்டு வாரம் நடக்கும் பாடத்திற்கு இது 6,750 மெகாபைட் ஆகிறது. அதே விரிவுரை நொடிக்கு 32 கிலோபிட் ஒலிப்பதிவாகத் தரப்பட்டால் பாடம் முழுவதும் 432 மெகாபைட்டில் அடங்கும். விரிவுரையின் எழுத்துவடிவமோ அதனினும் மிகச் சிறியது. ஆகவே, ஒலிப்பதிவையும் எழுத்துவடிவத்தையும் தனியே இறக்கிக்கொள்ள வழிசெய்வது, புதிதாகக் கோபுரம் எதையும் நிறுவாமலே பாடத்தின் எல்லையை விரிவாக்கும் செயலாகும்.

படமாகிப்போன எழுத்து

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். பார்வையற்ற மாணவர் ஒருவர் கணினியில் படிக்கும் முறையை அறிந்தால், அவருக்கு நேரும் தடையும் விளங்கும். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் அவர் கற்கிறார். என்.வி.டி.ஏ. போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன. ஆனால், ஆசிரியர் தம் கையெழுத்துக் குறிப்பையோ பழைய நூலின் பக்கங்களையோ ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால், அந்தக் கோப்பில் இருப்பது எழுத்தன்று, எழுத்தின் படம். திரைவாசிப்பான் அங்கே மௌனமாகிவிடுகிறது. தேர்வுக்கு முந்திய இரவில் அந்த மாணவர், படித்துக்காட்ட ஒரு நண்பருக்காகக் காத்திருக்க நேர்கிறது. அவருடைய அறிவிலோ முயற்சியிலோ குறையில்லை. கோப்பு உருவாக்கப்பட்ட முறையிலேயே குறை உள்ளது.

இந்திய மொழிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. இந்தியில் ‘கிருதி தேவ்’, தமிழில் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை கண்ணுக்குத் தாய்மொழியாகத் தோன்றும். கணினிக்கோ அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவை. யூனிகோடு முறையில் அமைந்த எழுத்தை மட்டுமே திரைவாசிப்பான் முறையாகப் படிக்கும். தேடவும் மொழிபெயர்க்கவும் அதுவே பயன்படும்.

செவித்திறன் குறைந்தவருக்கு உரைவரி இல்லாத காணொளி ஊமைப்படம். விளக்கச் சொற்கள் இணைக்கப்படாத வரைபடம் பார்வையற்றவருக்கு வெற்றிடம். வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் அமைத்தால் பார்வை குறைந்தவர் இடர்ப்படுவர். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்னும் ஒளிவேறுபாடு வேண்டும் எனப் பன்னாட்டு வலைத் தரநெறி வகுத்துள்ளது.

சட்டத்தின் நிலை

சட்டம் இதில் பின்தங்கிவிடவில்லை. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள இடமளித்தது. இதே நோக்குடைய மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014-ல் முதன்முதலாக ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. அதே சட்டம் அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவிகித இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்கீடு செய்கிறது. இடத்தை ஒதுக்கிவிட்டு, படிக்க முடியாத குறிப்பைக் கையில் தருவது அந்த ஒதுக்கீட்டின் பயனைப் பாதியாக்கிவிடும். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகுதல் பற்றிய விதிகள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடலாகாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கூறியது.

செலவு பற்றிய ஐயம்

இவற்றிற்கெல்லாம் பணம் எங்கே என்னும் கேள்வி இயல்பானது. கட்டிடம் எழும்போதே சாய்தளம் அமைப்பதற்கும், முடிந்தபின் படிக்கட்டை இடித்து அமைப்பதற்கும் செலவில் உள்ள வேறுபாடு இங்கும் பொருந்தும். தலைப்புகளை முறையாகக் குறித்துத் தட்டச்சு செய்வதற்குத் தனிச்செலவு இல்லை. படத்திற்கு இரண்டு வரி விளக்கம் எழுதச் சில நிமிடங்கள் போதும். உரைவரிக்கு உழைப்புத் தேவைதான். கணினி தானே எழுதித்தரும் வரிகளைப் பாடம் அறிந்த ஒருவர் சரிபார்த்தாக வேண்டும். ஆனால் அதன் பயன் செவித்திறன் குறைந்தவரோடு நின்றுவிடுவதில்லை. ஆங்கில விரிவுரையைச் செவியால் மட்டும் பின்தொடர முடியாத கிராமப்புற மாணவருக்கும் அதுவே துணை. பல என்.பி.டி.இ.எல். விரிவுரைகளின் எழுத்துவடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளிவந்திருப்பது, முதலில் எழுத்துவடிவம் இருந்தமையால் கைகூடியதே.

ஆகவே, முடிவு செய்ய வேண்டிய இடம் தொடக்கத்திலேயே உள்ளது. பாடம் தயாரிக்க நிதி ஒப்பளிக்கும் ஆணையில் யூனிகோடு எழுத்து, சரிபார்த்த உரைவரி, பட விளக்கம், தனி ஒலிப்பதிவு ஆகிய நான்கும் நிபந்தனைகளாக இடம்பெற வேண்டும். இறுதித் தவணையை விடுவிக்குமுன், திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவர் ஒருவரைக்கொண்டு பாடத்தைச் சோதித்தறிதல் நலம். எத்தனை பாடங்கள் ஏற்றப்பட்டன என்று கணக்கிடும் அறிக்கைகளில், அவற்றுள் எத்தனை அனைவரும் படிக்கத்தக்கவை என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கப்படுமாயின், மக்கள் பணத்தில் உருவான இந்தச் செல்வம் உரியவர் அனைவரையும் சென்றடையும்.